அளவு முதலில், இயந்திரம் பிறகு: நாமக்கல் முட்டையும் சேலம் ஜவ்வரிசியும்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எந்த மளிகைக் கடைக்குள் நுழைந்தாலும் இரண்டு பொருள்கள் தவறாமல் இருக்கும். முப்பது குழி அட்டையில் அடுக்கிய வெள்ளை முட்டை ஒன்று. பாக்கெட்டில் அடைத்த ஜவ்வரிசி மற்றொன்று. முட்டை, தெற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் நாமக்கல் பண்ணைகளிலிருந்து வருகிறது. ஜவ்வரிசி, சேலத்தைச் சுற்றியும் ஆத்தூர் பக்கமும் மரவள்ளிக் கிழங்கை அரைக்கும் சேகோ ஆலைகளிலிருந்து வருகிறது. நாமக்கல் 1997இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை இரண்டும் ஒரே மாவட்டத்தின் தொழில்கள். மழை குறைந்த அதே நிலம், கிணற்றை நம்பிய அதே குடியானவர்கள், கடன் கொடுத்த அதே வங்கிகள்.

ஆனால் நவீனத் தொழில்நுட்பம் இரண்டிலும் ஒரே வேகத்தில் வேரூன்றவில்லை. முட்டைத் தொழில் குஞ்சிலிருந்து கண்டெய்னர் வரை மாறிவிட்டது. மரவள்ளித் தொழிலோ ஆலைக்குள் ஓரளவு மாறியது, வயலில் மெதுவாக மாறுகிறது, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கொள்முதலில் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஏன் என்று கேட்டால், “நாமக்கல்காரர்கள் துணிச்சல்காரர்கள், மரவள்ளி விவசாயி பழமைவாதி” என்ற பதில் சுலபமாக வரும். அதை நான் ஏற்கவில்லை. செலவழிக்கிறவர் கைக்கே பலன் திரும்புகிறதா, அந்தப் பலனை விற்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொள்ளும்படி அளக்க முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு இந்த இரண்டு தொழில்களும் தரும் பதில்கள் வேறு வேறு. வேகத்தின் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

தட்டுப்பாட்டில் பிறந்த இருவர்

ஜவ்வரிசியின் கதையே ஒரு தொழில்நுட்பத்தைத் துணிந்து ஏற்றுக்கொண்ட கதைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோனது. சேலத்துக் கருவாட்டு வியாபாரி மாணிக்கம் செட்டியார், வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்த பழக்கத்தில் மரவள்ளி மாவின் அருமையை அறிந்திருந்தார். பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவுக்கு ஜவ்வரிசி செய்யும் பக்குவம் தெரியும். இருவரும் சேர்ந்து 1943இல் எளிய கருவிகளோடு உற்பத்தியைத் தொடங்கினார்கள். இயந்திர வேலையில் கைதேர்ந்த வெங்கடாசலக் கவுண்டர் அந்தக் கருவிகளைத் திருத்தி அமைக்க, உற்பத்தி பல மடங்கு பெருகியது. கல்லூரியோ அரசு மானியமோ இல்லாமல் ஓர் இறக்குமதிப் பொருளை ஓரிரு ஆண்டுகளில் உள்ளூர்ப் பொருளாக்கிய ஊர் இது. இந்த ஊருக்குப் புதுமை பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

முட்டைத் தொழில் அதற்குப் பிறகு வந்தது. மானாவாரி வெள்ளாமை கைகொடுக்காத குடும்பங்கள் 1970களில் கோழி ஷெட் போட ஆரம்பித்தன. கிணறு வற்றினாலும் கோழிக்குத் தேவையான தண்ணீர் கிடைத்துவிடும் என்பது அவர்களின் கணக்கு. இன்று நாமக்கல் மண்டலத்தில் ஒரு நாளைக்கு உற்பத்தியாகும் முட்டை கோடிக் கணக்கில் இருக்கிறது. கேரளத்துக்கு லாரியில் போகிறது, வளைகுடா நாடுகளுக்குக் கப்பலில் போகிறது, தமிழகப் பள்ளிகளின் சத்துணவுத் தட்டுக்கும் போகிறது. சத்துணவில் முட்டை சேர்ந்தது 1989இல். 2010இலிருந்து வாரம் ஐந்து முட்டை. ஆண்டு முழுவதும் நிச்சயமாக வாங்கும் ஒரு வாடிக்கையாளர் கிடைத்தது முதலீட்டுக்குப் பெரிய தைரியம் கொடுத்தது.

இரண்டு தொழில்களும் சங்கமாகத் திரண்ட காலமும் ஏறக்குறைய ஒன்றே. சேலம் ஸ்டார்ச், ஜவ்வரிசி உற்பத்தியாளர் சேவைத் தொழிற் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981இல் பதிவானது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் நிறுவனர் பி.வி. ராவின் முன்முயற்சியில் 1982இல் உருவானது. இடைத்தரகர் வைத்ததே விலை என்ற நிலையை மாற்ற வேண்டும் என்பதே இரண்டுக்கும் காரணம். வேறுபாடு உறுப்பினர் யார் என்பதில் இருக்கிறது. முட்டைக் குழுவில் இருப்பவர் கோழி வளர்ப்பவர். சேகோசர்வில் இருப்பவர் ஆலை நடத்துபவர். கிழங்கு விளைவிப்பவர் அதற்கு வெளியே நிற்கிறார். அடுத்த நாற்பது ஆண்டுகளின் போக்கை இந்த ஒரு வேறுபாடே பெருமளவு தீர்மானித்தது.

ஒரே கூரையும் மூன்று கைகளும்

ஒரு முட்டைப் பண்ணைக்குள் நடப்பதைக் கிட்ட நின்று பார்ப்போம். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய ஷெட். உள்ளே வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். குடிக்க நிப்பிள் குழாய். தண்டவாளத்தில் ஓடித் தீவனம் கொட்டும் வண்டி. புதிய ஷெட்களில் முட்டையைத் தானாகக் கொண்டுவரும் பெல்ட்டும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஈரத் திரையும். முட்டைக்கோழி ஒன்று ஒரு நாளில் தின்னும் தீவனம் ஏறத்தாழ 110 கிராம். ஒரு லட்சம் கோழி உள்ள பண்ணைக்குத் தினம் 11 டன். உற்பத்திச் செலவில் முக்கால் பங்குக்கு அருகில் தீவனத்துக்கே போகிறது. தொட்டியிலிருந்து கோழி சிந்தும் தீவனத்தில் கோழிக்கு ஒரு கிராம் மிச்சப்பட்டாலும் நாளைக்கு 100 கிலோ மிச்சம். அந்த 100 கிலோவின் விலை முழுவதும் பண்ணையாளர் பையிலேயே நிற்கிறது. புதுத் தொட்டி வாங்கலாமா என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் கணக்கு நோட்டே சொல்லிவிடும்.

தொழில்நுட்பமும் அவருக்குத் துண்டு துண்டாக வரவில்லை. பி.வி.300 போன்ற இனம், அந்த இனத்துக்கான தீவனக் கலவை, வயதுவாரியான தடுப்பூசி அட்டவணை, கூண்டு அளவு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன. 1985இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கின. தீவனத்தில் பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் பக்கத்திலேயே கிடைத்தது. கல்லூரியின் வானிலை ஆலோசனை நாளிதழ்களில் வருகிறது: வரும் நாள்களில் வெயில் எவ்வளவு, காற்று எந்தத் திசை, அதற்கேற்பத் தீவனத்தில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று. விஞ்ஞானி சொல்வதற்கும் பண்ணையாளர் செய்வதற்கும் இடையில் ஓர் இரவு இடைவெளிகூட இல்லை.

மரவள்ளியிலோ பொருள் மூன்று கை மாறுகிறது. விவசாயி பத்து மாதம் போல வளர்த்துக் கிழங்கு பிடுங்குகிறார். ஆலைக்காரர் அதைத் தோலுரித்து, அரைத்து, பாலை வடிகட்டி, தொட்டியில் படிய வைத்து, மாவை உருட்டி, சூடான தட்டில் வறுத்து, சிமென்ட் களத்தில் காயவைக்கிறார். வடநாட்டு வியாபாரி அதை மூட்டையாக வாங்கி, மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் குஜராத்திலும் ஏகாதசி, நவராத்திரி விரதக் கிச்சடிக்காக விற்கிறார். இந்த மூவரில் ஒருவர் செய்யும் செலவின் பலன் பல நேரம் இன்னொருவர் பக்கம் போய்ச் சேருகிறது.

மாவுச்சத்து கூடுதலாக உள்ள ரகம் ஒன்றை விவசாயி நட்டால், ஒவ்வொரு டன்னிலும் ஆலைக்குக் கூடுதல் மாவு கிடைக்கும். அந்தக் கூடுதல் மாவுக்கு விலை கிடைத்தால்தான் விவசாயிக்கு லாபம். திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும், வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையமும் நல்ல ரகங்களைத் தந்திருக்கின்றன. ஆலைக்குள் மணிக்கணக்கில் தொட்டியில் படிய வைப்பதற்குப் பதிலாகச் சுழல் இயந்திரத்தில் சில நிமிடங்களில் மாவைப் பிரிக்கவும் முடியும். ரகம் இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது. இடையிலுள்ள கணக்கில்தான் நம்பிக்கை இல்லை.

இதற்கு மறுபக்கச் சாட்சி சொட்டுநீர். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்று தமிழக அரசு மானியம் தந்ததும் மரவள்ளி வயல்களில் சொட்டுநீர்க் குழாய் பரவியது. மிச்சமாகும் தண்ணீர் விவசாயியின் கிணற்றிலேயே நிற்கிறது, குறையும் கூலி அவர் கையிலேயே நிற்கிறது. பழமைவாதி என்று பெயர் வாங்கிய அதே ஆள்தான் இதைத் தயங்காமல் போட்டார்.

முப்பது முட்டையும் இருபத்தெட்டு பாயின்ட்டும்

முட்டையை எண்ணிவிடலாம். அட்டையில் முப்பது என்றால் முப்பதுதான். சைஸ் பற்றிப் பேரம் நடக்கலாம், எண்ணிக்கை பற்றிச் சண்டை வராது. விலையும் ஊரறிந்தது. நாமக்கல் மண்டலப் பண்ணைக் கொள்முதல் விலை அறிவித்த உடனே செய்தித்தாளிலும் கைப்பேசியிலும் வந்துவிடுகிறது. அங்கேயும் குறை உண்டு. அறிவித்த விலையிலிருந்து பைசாக் கணக்கில் கழித்துக்கொண்டு வாங்கும் “மைனஸ்” முறை பண்ணையாளர்களை நீண்ட காலம் வாட்டியது. ஆனால் அந்த மைனஸ் எவ்வளவு என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அதை எதிர்த்துக் கூடிப் பேச முடிந்தது.

மரவள்ளிக்கு எடையோடு “பாயின்ட்”டும் பார்க்க வேண்டும். கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவுதான் பாயின்ட். மாதிரிக் கிழங்கை முதலில் காற்றில் எடை போட்டு, பிறகு தண்ணீரில் மூழ்கவைத்து எடை போட்டால், அடர்த்தியிலிருந்து மாவுச்சத்தைக் கணிக்கலாம். முறை சரியானதுதான். ஆனால் எந்தக் கிழங்கை மாதிரியாக எடுப்பது, ஒட்டியிருக்கும் மண்ணை எவ்வளவு தட்டுவது, தராசு முள்ளைப் படிப்பது யார் என்பதில் எல்லாம் கருத்து வேறுபாடு வரும். அளவு எடுக்கும் இடமோ வாங்குபவரின் ஆலை வாசல்.

10 டன் கிழங்கோடு லாரி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 28 பாயின்ட் வர வேண்டியது 27 என்று பதிவானால், சுமார் 350 கிலோ கிழங்கின் விலை ஒரு நொடியில் போய்விடும். விவசாயியால் லாரியைத் திருப்பிக்கொண்டு போகவும் முடியாது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கறுத்துக் கெட ஆரம்பிக்கும். இந்த நிலையில் இருப்பவரிடம் “சத்து அதிகமுள்ள ரகத்தை நடுங்கள்” என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது? டன் கணக்கில் எது கூட வருமோ அதையே அவர் நடுவார். அது அறியாமையில்லை, அனுபவம் கற்றுக்கொடுத்த கணக்கு.

இதே சிக்கல் அடுத்த கையிலும் இருக்கிறது. நேர்மையான ஆலைக்காரர் தோலுரிக்கும் இயந்திரம் வாங்கி, சுத்தமான நீரில் கழுவி, இயற்கையான வெண்மையோடு ஜவ்வரிசி செய்கிறார். இன்னொருவர் தோலோடு அரைத்து ரசாயனத்தால் வெளுக்கிறார். மலிவான மக்காச்சோள மாவையும் கலக்கிறார். இரண்டும் ஒரே விலைக்குப் போனால் இயந்திரம் வாங்கியவர் ஏமாளியாகிறார். உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனைகளும், ஆலைகளில் கேமரா வைக்க மாவட்ட நிர்வாகம் எடுத்த முயற்சியும் இதைத் தடுக்க வந்தவை. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் கலப்படம் நின்றால்தான் மதிப்புப் பெறும்.

மக்காச்சோளம் இரண்டு தொழில்களிலும் நுழைகிற விதத்தைக் கவனிக்க வேண்டும். நாமக்கல்லில் அது தீவனத்தின் முதுகெலும்பு; ஈரம் பார்த்து, நச்சு பார்த்து, கணக்கில் எழுதி உள்ளே விடுகிறார்கள். சேலத்தில் அது மறைந்து உள்ளே வருகிறது. அளக்கும் ஏற்பாடு உள்ள தொழிலில் மூலப்பொருளாக இருப்பது, அது இல்லாத இடத்தில் கலப்படமாகிவிடுகிறது.

வேலி தாண்டும் நோய்

முட்டைப் பண்ணையில் நோய்த்தடுப்பு பெரும்பாலும் உரிமையாளரின் முடிவு. வெள்ளைக்கழிச்சலுக்கு எந்த வயதில் எந்த மருந்து என்பது அட்டவணையில் இருக்கிறது. போட்டால் தன் கோழி பிழைக்கும். வெளியாள் நுழைவதைத் தடுக்கலாம், ஷெட்டைக் காலி செய்து கிருமிநாசினி அடிக்கலாம்.

மரவள்ளியின் தேமல் நோய் அப்படிப்பட்டதல்ல. நடுவதற்கு வெட்டும் தண்டான கரணையிலேயே வைரஸ் வருகிறது. வெள்ளை ஈ அதை வயலுக்கு வயல் கொண்டுபோகிறது. ஒருவர் காசு கொடுத்துச் சுத்தமான கரணை நட்டாலும், பக்கத்து வயல் நோயோடு இருந்தால் அடுத்த பருவத்திலேயே அவர் வயலும் மஞ்சளாகும். தனி ஆள் செலவழித்துப் பயனடைய முடியாத இடம் இது. இங்கே தனியார் சந்தை தானாக எதையும் கொண்டுவராது.

மாவுப்பூச்சி இதைத் தெளிவாகக் காட்டியது. ஃபெனகாக்கஸ் மனிஹோட்டி என்ற மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, சேலம், நாமக்கல் வயல்களையும் சூறையாடியது. குருத்து சுருண்டு செடி குட்டையாகி நின்றது. விவசாயிகள் மருந்தடித்து ஓய்ந்தார்கள். இதே பூச்சி 1980களில் ஆப்பிரிக்காவை வாட்டியபோது, அனகைரஸ் லோபெசி என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியை விட்டுத்தான் கட்டுப்படுத்தினார்கள். அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் அந்தக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்து, சோதித்து, 2022இல் ஏத்தாப்பூரில் வயல்வெளிக்கு விட்டது. விவசாயி ஒரு ரூபாய் போடவில்லை, கடன் வாங்கவில்லை, பயிற்சிக்கும் போகவில்லை. குளவி வேலி பார்க்காமல் பறந்து தன் வேலையைச் செய்தது.

மரவள்ளிக்கு எந்த வகைத் தொழில்நுட்பம் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பண்ணையாளர் விலை கொடுத்து வாங்கித் தன் கூரைக்குள் மாட்டிக்கொள்வது ஒரு வகை. ஊருக்கே பொதுவாக அரசு செய்து தர வேண்டியது இன்னொரு வகை. முட்டை முதல் வகையில் வளர்ந்தது. கிழங்குக்கு இரண்டாம் வகை வேண்டும். இரண்டுக்கும் ஒரே மானியப் படிவத்தை நீட்டுவது தவறு.

முட்டை கொடுத்த விலை

இதையெல்லாம் சொல்வதால் முட்டைத் தொழிலை அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. ஆரம்பத்தில் சில நூறு, ஆயிரம் கோழியோடு தொடங்கிய சிறு பண்ணைகளுக்கு இன்று இடமில்லை. தானியங்கி ஷெட்டுக்கு ஆகும் முதலீடு லட்சக் கணக்கில் கோழி இருந்தால்தான் கட்டுப்படியாகும். குஞ்சுக்கு ஒரு சில பெரிய நிறுவனங்களை நம்ப வேண்டும். மக்காச்சோளத்துக்கு வெளி மாநிலங்களை நம்ப வேண்டும். இப்போது எத்தனால் ஆலைகளும் அதே மக்காச்சோளத்துக்குப் போட்டி போடுகின்றன. 2006இல் மகாராஷ்டிரத்தில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, நோயே வராத நாமக்கல்லிலும் முட்டை தேங்கியது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் தரும் கோலிஸ்டின் மருந்தைக் கோழிக்குத் தருவதை 2019இல் மத்திய அரசு தடை செய்ய வேண்டி வந்தது. நெருக்கி வளர்க்கும் முறையின் ஆபத்துகள் இவை.

மரவள்ளியில் இன்னும் ஓர் ஏக்கர்க்காரருக்கு இடம் இருக்கிறது. கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் பழங்குடி விவசாயிகளுக்கு அது பணப்பயிர். இவர்களை வெளியே தள்ளிவிட்டு வரும் நவீனம் நமக்கு வேண்டாம்.

ஒரு விஷயத்தில் சேகோ ஆலைகள் முன்னோடியும்கூட. மாவு கழுவிய நீர் ஓடையில் கலந்து நாற்றமெடுத்த காலம் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நெருக்கடிக்குப் பிறகு பல ஆலைகள் அந்தக் கழிவுநீரிலிருந்து உயிர்வாயு எடுத்து, எரிபொருளாகவும் மின்சாரமாகவும் பயன்படுத்துகின்றன. சட்டம் நெருக்கியது, எரிபொருள் செலவு குறைந்ததால் ஆலைக்கு லாபமும் வந்தது. செலவழித்தவருக்கே பலன் திரும்பியதும் சேகோ ஆலையும் கோழிப்பண்ணைக்குச் சளைக்காமல் மாறியது.

எங்கே தொடங்குவது

முதல் வேலை பாயின்ட் தராசு. முத்திரையிட்ட மின்னணுத் தராசை ஆலை வாசலிலிருந்து பொது இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடமோ கூட்டுறவுச் சங்கமோ அதை நடத்தலாம். மாதிரி எடுக்கும் முறை சுவரில் எழுதியிருக்க வேண்டும். விவசாயி கையில் எடையும் பாயின்ட்டும் அச்சிட்ட ரசீது இருக்க வேண்டும். ஆவினில் பாலைக் கொழுப்பும் சத்தும் பார்த்து விலை போடுவது நமக்குப் பழகிய முறைதானே?

இரண்டாவது, சேகோசர்வில் விற்கும் மூட்டை விலைக்கும் கிழங்கு விலைக்கும் வெளிப்படையான ஒரு கணக்கு வேண்டும். அதைத் தீர்மானிக்கும் மேசையில் விவசாயிக்கும் நாற்காலி வேண்டும். மூன்றாவது, நோயில்லாக் கரணைகளைத் தனித்தனி ஆளுக்குக் கொடுப்பதை விட்டு, ஊர் ஊராக ஒரே பருவத்தில் மாற்ற வேண்டும். நான்காவது, ஆலையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு சரக்கும் ஆய்வகத்தைத் தாண்டித்தான் விற்பனைக்குப் போக வேண்டும்.

இவற்றில் எதுவும் கோடிக்கணக்கில் செலவு பிடிக்கும் காரியமில்லை. சுழல் இயந்திரமும் புது ரகமும் அறுவடைக் கருவியும் இதற்குப் பிறகு தாமே வரும். வாங்கினால் லாபம் என்று கணக்கு நோட்டு சொன்ன பிறகு நாமக்கல்காரரை யாரும் கூண்டு வாங்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. சேலத்து விவசாயிக்கு அந்தக் கணக்கு நோட்டை நாம் இன்னும் கொடுக்கவில்லை. இயந்திர மானியத்துக்கு ஒதுக்கும் அடுத்த பணத்தில் முதல் பங்கை நம்பகமான தராசுக்கும் ஆய்வகத்துக்கும் ஒதுக்குங்கள் என்பதே இந்த இரண்டு தொழில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு நான் கேட்பது.